ஒன்பதாவது கோட்டை

அந்த விளையாட்டில் எனக்கு எட்டுக் கோட்டைகள் இருந்தன. வெளியே ஒரு பி.காம். சான்றிதழும் ஓர் ஓட்டை சைக்கிளும் இருந்தன. இதில் எதை நான் பெரிதாக நினைத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

போனில் விளையாடுவதுதான். பழைய காலத்து வீடியோ கேம் மாதிரி எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ராஜா சுண்டுவிரல் நகம் அளவுதான் இருப்பார். தலையில் மஞ்சளாக ஒரு புள்ளி இருக்கும். அதைக் கிரீடம் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கிராமமும் ஐந்து காலாட்களும் தருவார்கள். காட்டில் ஒரு சூனியக்காரி, மலையில் நெருப்புத் துப்பும் ஒரு டிராகன். ஒன்பது கோட்டைகளையும் பிடித்துவிட்டால் ராஜ்யம் நம்முடையது. ஆளைத் தொட்டு, போக வேண்டிய இடத்தைத் தொட்டால் போய்விடுவான். நம் முறை முடிந்ததும் ஓரத்தில் இருக்கும் மணியைத் தட்டினால் எதிரி நகர்வான். இங்கிலீஷ் தெரிய வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். நம் கிராமம் எதையாவது எதிரி தாக்கினால் மேலே ஒரு சிவப்புக் கொடி துடிக்கும். அது துடித்தால் நான் சோற்றுக் கையோடு போனைத் தூக்கிவிடுவேன்.

படிப்பு முடித்து ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன். துறைமுகத்தைச் சுற்றியிருக்கிற ஒவ்வொரு கிளியரிங் ஆபீசிலும் என் பயோடேட்டா கிடந்தது. "உத்தியோகம் புருச லட்சணம்னு சும்மாவா சொன்னாங்க" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவர் பதில் சொல்லாது, நானும் சொல்லமாட்டேன். ஏழாவது கோட்டை அந்த நாட்களில்தான் விழுந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். தோணியில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து வருகிற குழாயை வாயில் கடித்துக்கொண்டு பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்தில் மணலைத் தடவிச் சங்கு எடுப்பார். இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனை தோணியில் இருப்பவன் கையில் இருக்கும். ஒரு தடவை இழுத்தால் கயிறு விடு என்று அர்த்தம். இரண்டு தடவை என்றால் சங்குப் பையைத் தூக்கு. மூன்று தடவை என்றால் என்னைத் தூக்கு. தூக்குவதும் சும்மா விறுவிறு என்று தூக்குவதல்ல. அங்கங்கே நிறுத்தி, நிதானமாகத் தூக்க வேண்டும். கீழே ரொம்ப நேரம் இருந்தவன் அவசரமாக மேலே வந்தால் காற்று உடம்பைப் பிடித்து, கைகால் விழுந்துவிடும்.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்பதில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். அண்ணன் தம்பி பிடிக்கமாட்டார்கள், பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் வீடு, பங்கு என்று ஆயிரம் இருக்கும். ஆனால் எவனும் தன் அக்காள் தங்கச்சியைத் தாலியறுக்க விடமாட்டான். மலை ஏறினாலும் மச்சான் தயவு வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். எங்களுக்கு மலை இல்லை. இறங்குவதற்குத்தான் மச்சான் வேண்டும்.

நான் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து அத்தானுக்கு எங்கள் சித்தி மகன்தான் கயிறு பிடித்தான். ஒன்றுவிட்ட தம்பிதான், நல்லவன்தான். ஆனாலும் அவன் பிடித்த காலத்தில் அக்கா தோணி கரைக்கு வரும்வரை கையிலிருந்து ஜெபமாலையைக் கீழே வைக்கமாட்டாள். அவன் குவைத்துக்குப் போனதும் அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏலே தம்பி, சும்மாதான இருக்க. அத்தானுக்குக் கயிறு புடிக்க வாலே."

"நான் டிகிரி படிச்சிருக்கேன்க்கா."

"டிகிரிய வீட்டுல வச்சிட்டு வா. வேல கெடச்சா போயிரு, யாரு வேண்டாங்கா. கூடப் பொறந்தவன் நீ புடிச்சா நான் நிம்மதியா ஒல வைப்பேன்லா."

போனேன். மனசில்லாமல் போனேன் என்பதை இன்று மறைப்பதற்கில்லை. கயிறு பிடிக்கிறவனுக்கு அந்தக் கரையில் இருக்கிற மரியாதை எனக்குத் தெரியும். ஆனால் என்னோடு படித்தவர்கள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகும்போது நான் மட்டும் உப்புத் தண்ணீரில் ஊறிய டவுசரோடு தோணியில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அத்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். முதல் நாளே தோளில் கை போட்டு, "மாப்ள, ஒண்ணே ஒண்ணுதான். கயித்தக் கட்டையில கட்டிராத. கையில இருக்கணும். மத்தபடி நீ பாட்டு பாடு, பீடி குடி, என்னமும் செய்" என்றார்.

பாட்டும் வராது, பீடியும் பழக்கமில்லை. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் போன் என்று ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் கொண்டுபோவேன், தண்ணீர் படாமல் இருக்க. கம்ப்ரசர் சத்தத்தில் பேச்சும் கேட்காது, பேசவும் ஆளில்லை. சம்மாட்டி, அதாவது தோணிக்காரர், பின்பக்கம் என்ஜினோடு இருப்பார். மறுபக்கத்தில் இன்னொரு குளியாளிக்குக் கயிறு பிடிப்பவன் எனக்கு முதுகு காட்டி இருப்பான். கயிறு அசைந்தால் என் விரலுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மாதம் அப்படியே ஓடியது, ஒரு தப்பும் நடக்கவில்லை. தப்பு நடக்காத இரண்டு மாதம் மனுஷனுக்குக் கொடுக்கிற திமிர் இருக்கிறதே, அது எட்டுக் கோட்டை பிடித்தவனுக்குக்கூட வராது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அத்தானுக்கு அது மூன்றாவது முங்கு. நான் ஒன்பதாவது கோட்டையின் வாசலில் நின்றேன். என்னிடம் இருபத்தாறு குதிரை, நாற்பது வில்லாள். இத்தனை பேரை நகர்த்த ஒரு கை போதவில்லை. ஒரு கையால் போனைப் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் தொட்டால் வேறு எங்கோ பட்டு, வில்லாள் காட்டுக்குள் போய்விடுகிறான். ஒரு தடவை போனான், இரண்டாவது தடவையும் போனான். எனக்குக் கோபம் வந்தது. கயிற்றைத் தோணியின் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஒரே ஒரு முறைக்குத்தான், மணியைத் தட்டியதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மணியைத் தட்டினேன். எதிரி நகர்ந்தான். பின்னால் விட்டு வந்த ஒரு கிராமத்தைத் தாக்கினான், சிவப்புக் கொடி துடித்தது. நான் பாதிப் படையைத் திருப்பி அனுப்பி அந்தக் கிராமத்தைக் காப்பாற்றினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. எட்டு வீடு, ஒரு கிணறு, நாலு ஆடு. எல்லாம் புள்ளிகள். அதைக் காப்பாற்ற எனக்குப் பொறுப்பு இருந்தது.

மூன்றாவது முறையாக மணியைத் தட்டியபோது தோணிக்கு இருபதடி தள்ளித் தண்ணீர் கிழிந்து அத்தான் மேலே வந்தார். வாயில் குழாய் இல்லை, சங்குப் பையும் இல்லை. நான் போனைப் பலகைக்கு அடியில் எறிந்துவிட்டு, கட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டேன். இந்த வரிசையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முதலில் போன், பிறகு கயிறு, அதன் பிறகுதான் அவர்.

கம்ப்ரசரிலிருந்து போகும் குழாய் எங்கோ மடங்கிவிட்டிருந்தது. கீழே காற்று வரவில்லை. தோணியில் ஏறும்போது நன்றாகத்தான் இருந்தார். கால் மணி நேரத்தில் இடுப்பு வலிக்கிறது என்றார். கரை வருவதற்குள் இடது கால் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை மணிக்கு இறங்கினார், எத்தனை மணிக்கு ஏறினார் என்று கேட்டார். பத்தேகாலுக்கு இறங்கினார், பதினொன்றுக்கு ஏறினார் என்று நான்தான் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு நேரம் தெரியாதா? பிறகு சம்மாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏலே, கயிறு இழுத்தானா?"

"இல்ல சம்மாட்டி. கயிறு அசையவே இல்ல."

அத்தான் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார். காதில் விழுந்தது. என்னைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். அது பொய்யில்லை என்றுகூட நான் அன்று எனக்குள் வாதாடினேன். அசைந்ததை நான் பார்க்கவில்லையே, பார்க்காததை எப்படிச் சொல்வது என்று. திருட்டுப் பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

கால் பாதி வந்தது. இன்றைக்கும் ஒரு கம்பு வேண்டும், இடது பாதம் தரையில் இழுபடும். ஆனால் நான் அவருக்குச் செய்தது அது மட்டுமில்லை. கரையில் பேச்சு வேறு மாதிரிக் கிளம்பியது. காற்று குறைந்ததும் கயிற்றை இழுக்கக்கூடத் தோன்றாமல் பயந்து மேலே ஏறிவிட்டான் என்றார்கள். "எத்தன வருசம் முங்குனவன், கடைசில பதறிட்டானே" என்று என் காதுபடவே சொன்னார்கள். குளியாளிக்குப் பதற்றம் என்பது பெரிய இழுக்கு. புயலில் செத்தவனைக்கூடப் பெருமையாகப் பேசுவார்கள், பதறியவனைப் பேசமாட்டார்கள். முதலில் பார்க்க வந்தவர்கள் மெல்ல மெல்ல வருவதை நிறுத்தினார்கள். அத்தான் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. நான் அதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அவருக்கே நினைவில்லை போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஆறு மாதத்தில் எனக்கு ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது. அக்கா இறால் கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போவேன். அத்தான் பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கிறார் என்று, அடுத்த வருடம் புதுப் போன் வாங்கியபோது பழையதை அவருக்குக் கொடுத்தேன். போட்டோ, மெசேஜ் எல்லாவற்றையும் அழித்தேன். விளையாட்டை அழிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு ஒருநாளும் அதைத் திறந்ததில்லை, ஆனால் அழிக்கவும் மனசு வரவில்லை. எட்டுக் கோட்டை அல்லவா. அந்த வெட்கங்கெட்ட ஆசைதான் கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது.

இரண்டு ஞாயிறு கழித்துப் போனபோது அத்தான் போனை நீட்டினார். "மாப்ள, இதுல ஒரு ராசா நிக்காரு. அவர எப்படி நடக்க வைக்கது?"

சொல்லிக்கொடுத்தேன். வேறு என்ன செய்வது? புது ஆட்டம் ஒன்றை ஆரம்பித்துக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, இவன் காலாள், இது மணி, இந்தக் கொடி துடித்தால் உதவிக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கொடியைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவர் கவனிக்கவில்லை. அஞ்சாம் வகுப்பு படித்தவர், மூன்று வாரத்தில் என்னைவிட நன்றாக விளையாடினார். நான் குதிரைகளை மொத்தமாக விரட்டுவேன். அவர் ஒரு கிராமத்தை விட்டு நகர்வதற்கு முன் இரண்டு பேரை அங்கே நிறுத்துவார். "பின்னால ஆள் இல்லாம ஒருத்தனையும் அனுப்பக்கூடாது" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் டிராகனைப் பற்றியே பேசினோம். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டது அந்த டிராகனால்தான். நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. யாரும் குற்றம் சாட்டவே இல்லை, மன்னிப்பு மட்டும் எங்கிருந்து வரும்?

ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன். அக்கா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"இத பாரு. என் ஆட்டத்தத் தெரியாம மூடிட்டேன். தேடிப் போனா இங்கன ஒரு லிஸ்ட் வருது."

ஒவ்வொரு முறை மணியைத் தட்டும்போதும் அந்த விளையாட்டு தானாக ஆட்டத்தைச் சேமித்து வைக்கும். பக்கத்தில் சின்னதாக ஒரு படம், கீழே தேதி, நேரம். எனக்கு இது தெரியும். தெரிந்தும் மறந்திருந்தேன். என் பழைய ஆட்டத்தின் கடைசி மூன்று வரிகளில் ஒரே தேதி இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதி. பத்து முப்பத்தொன்பது. பத்து நாற்பத்தேழு. பத்து ஐம்பத்தெட்டு.

அத்தானின் விரல் அந்த நேரங்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டு கை வேணும்லா மாப்ள, இத விளையாட. இம்புட்டு ஆள் இருக்கானுவ."

"ஆமா அத்தான்."

"கயிறு?"

"கட்டையில கட்டிட்டேன்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கும். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் பெருமூச்சு விட்டார். முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வேறொன்று இருந்தது. ஒரு சுமை இறங்கியவனின் முகம்.

"ரெண்டு வருசமா நான் யோசிச்சிட்டே கெடந்தேன் மாப்ள. நான் இழுத்தேனா, இல்ல இழுத்ததா நெனச்சனான்னு. மூணு தடவ இழுத்தேன், நின்னேன், பொறவு மூணு தடவ இழுத்தேன். கையில நல்லா நெனப்பு இருக்கு. ஆனா நீ அசையவே இல்லன்னு சொன்ன. நீ பொய் சொல்லுவன்னு எனக்குத் தோணல. மச்சினன்லா. அதனால எனக்குத்தான் புத்தி கலங்கிட்டு, நான்தான் பதறிட்டேன்னு நெனச்சேன்."

அவர் என் பொய்யைத் தாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார் என்றுதான் நான் உள்ளுக்குள் பயந்திருந்தேன். அது இல்லை. அவர் என்னை நம்பியிருக்கிறார். என்னை நம்புவதற்காகத் தன் கையை நம்பாமல் இருந்திருக்கிறார்.

"நான் இழுத்திருக்கேன்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு போனைக் காட்டி, "அந்தக் கோட்டையயாவது புடிச்சியாலே?" என்று கேட்டார்.

"இல்ல அத்தான்."

தலையை ஆட்டினார். "தோணிக்காரங்ககிட்ட போய்ச் சொல்லிரு. கால் போனது போவட்டும். பதறுனவன்ங்கற பேரு எனக்கு வேண்டாம். அக்காகிட்ட நீயா சொல்லாத, பாவம்."

மறுநாள் யார்டுக்கு லீவு போட்டுவிட்டு, தோணிகள் கரைக்கு வரும் நேரத்துக்குப் போனேன். சங்குகளை மணலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சம்மாட்டியிடம் சொன்னேன். கயிறு கட்டையில் கிடந்தது, நான் போனில் விளையாடிக்கொண்டிருந்தேன், அவர் இழுத்தது எனக்குத் தெரியாது என்றேன். என்ன விளையாட்டு என்று ஒருவன் கேட்டான். ராஜ்யம் பிடிக்கிற விளையாட்டு என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவன் கையிலிருந்த சங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். சம்மாட்டி, "இனிமே நீ இந்தக் கரப் பக்கம் வராத" என்றார். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்துப் போன வசவுகூடக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. தோணிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை, தெருமுனையில் நின்றேன். அத்தானின் குரல் கேட்டது. கீழே குழாயில் காற்று நின்றது, மூச்சைப் பிடித்துத் தான் எத்தனை வரை எண்ணினார், எப்படி இழுத்தார் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டு வெகுநாளாகிவிட்டது. அவர்கள் போன பிறகு பின்வாசல் வழியாகப் போனேன்.

அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று அத்தான் சொன்னதில் அர்த்தமில்லை. அந்தச் சின்ன வீட்டில் அத்தனை பேர் பேசியது அவள் காதில் விழாமல் இருக்குமா? நான் நின்றேன். அவள் நிமிரவில்லை. ஒரு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், அடுத்ததை எடுத்தாள்.

"அக்கா" என்றேன்.

"சித்தி மவன் கயிறு புடிச்சப்ப, தோணி வருத வரைக்கும் மாதாவக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன்" என்றாள். அழவில்லை. யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "அன்னைக்கு நான் கூப்பிடலலே. கயிறு உன் கையில இருக்குன்னு சோறு பொங்கிட்டு இருந்தேன்."